மூன்று கடல் மைல் சட்டமும் ஸ்டெர்ன் ட்யூப் எண்ணெயும்

கப்பலின் புரொப்பெல்லர் கடலுக்குள் சுற்றுகிறது, அதைச் சுழற்றும் இன்ஜின் கப்பலுக்குள் இருக்கிறது. நடுவில் உள்ள இரும்புத் தண்டு கப்பலின் உடம்பைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே போயாக வேண்டும். அந்தத் துளையில் பொருத்திய நீளமான குழாய்க்குப் பெயர் ஸ்டெர்ன் ட்யூப். உள்ளே ஒயிட் மெட்டல் என்ற மென்மையான உலோகக் கலவை பூசிய, தண்டைத் தாங்கும் பேரிங்குகள், குழாய் நிறைய எண்ணெய், இரண்டு முனையிலும் தண்டைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் லிப் சீல்கள். போன நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பெரிய வணிகக் கப்பல்களில் பெரும்பாலானவை இப்படித்தான் ஓடுகின்றன.

இந்த அமைப்பில் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்டெர்ன் ட்யூபுக்கு எண்ணெய் தரும் ஹெடர் டேங்கைக் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே வைப்பார்கள். அப்போது எண்ணெயின் அழுத்தம் வெளியே நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சீல் தேய்ந்தாலும் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறாது, எண்ணெய்தான் வெளியே போகும். பேரிங் பிழைக்க வேண்டும், அதற்குக் கடலில் கொஞ்சம் எண்ணெய் போனால் போகட்டும் என்பது வரைபடம் போடும்போதே எடுத்த முடிவு. நாளுக்குச் சில லிட்டர் குறைந்தால் மேலே ஊற்றிவிட்டு அன்றைய எண்ணெய்ச் செலவில் எழுதிக்கொள்வார்கள். அந்த எண்ணெய் எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை.

முதலில் கேட்டவர்களில் ஒருவர் எண்ணெய்க் கசிவு ஆய்வாளர் டாக்மார் ஷ்மிட் எட்கின். உலகத் துறைமுகங்களில் கப்பல்களிலிருந்து எவ்வளவு மசகு எண்ணெய் தண்ணீரில் கலக்கிறது என்று அவர் போட்ட கணக்கு 2010-ல் வந்தது. ஸ்டெர்ன் ட்யூப் கசிவு மட்டும் ஆண்டுக்கு 46 லட்சம் லிட்டரிலிருந்து 2 கோடியே 86 லட்சம் லிட்டர் வரை. மற்றக் கசிவுகளையும் சேர்த்தால் 3.69 கோடியிலிருந்து 6.1 கோடி லிட்டர் வரை. கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் இவ்வளவு இடைவெளி இருப்பதே இது அளந்து பார்த்த கணக்கல்ல, மதிப்பீடு என்று சொல்லிவிடுகிறது. ஆனால் மொத்தக் கணக்கின் கீழ் எண்ணை எடுத்துக்கொண்டாலும் பொருட்படுத்தாமல் விட முடியாது. 1989 மார்ச்சில் அலாஸ்காவில் தரைதட்டிய எக்ஸான் வால்டெஸ் கொட்டியது ஏறத்தாழ 4.1 கோடி லிட்டர் கச்சா எண்ணெய். அந்த விபத்து உலகம் முழுக்கச் செய்தியாகி, அமெரிக்காவில் தனிச் சட்டமே வந்தது. ஏறத்தாழ அதே அளவு எண்ணெய் சொட்டுச் சொட்டாக ஆண்டுதோறும் துறைமுகத் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் படம் பிடிக்கக்கூட ஆளில்லை.

சட்டம் வந்த வழி

மசகு எண்ணெயைக் குறிவைத்து யாரும் சட்டம் கொண்டுவரவில்லை. அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டத்திலிருந்து கப்பல்களின் வழக்கமான கழிவுகளுக்கு 1973 முதல் விலக்கு இருந்தது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் பேலஸ்ட் தண்ணீரோடு அயல்நாட்டு உயிரினங்கள் ஏரிகளிலும் முகத்துவாரங்களிலும் குடியேறுகின்றன என்று சூழல் அமைப்புகள் அந்த விலக்கை எதிர்த்து வழக்குப் போட்டன. 2005-ல் கலிபோர்னியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் விலக்கு செல்லாது என்றது, 2008-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. விலக்கு போனதும் பேலஸ்ட் தண்ணீர் மட்டுமல்ல, கப்பலிலிருந்து வெளியேறும் எல்லாமே அனுமதி வாங்கியாக வேண்டியதாயிற்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (சுருக்கமாக ஈபிஏ) பொது அனுமதி ஒன்றை எழுதியது. ஸ்டெர்ன் ட்யூப் எண்ணெய் இப்படி வேறொருவர் வழக்கில் வந்து மாட்டிக்கொண்டது.

முதல் அனுமதி 2008 டிசம்பரில் வந்தது. சூழலுக்கு ஏற்ற எண்ணெயை அது பரிந்துரைத்ததோடு சரி. இரண்டாவது அனுமதி 2013 டிசம்பர் 19 முதல் அமலானது, இதில் பரிந்துரை கட்டாயமானது. 79 அடிக்கு மேற்பட்ட கப்பல்களில் எண்ணெயும் கடலும் சந்திக்கும் எல்லா இடங்களிலும், அதாவது ஸ்டெர்ன் ட்யூப், த்ரஸ்டர், சுக்கான் பேரிங், ஸ்டெபிலைசர், தண்ணீரில் இறங்கும் வயர் ரோப் வரை, சூழல் ஏற்பு எண்ணெய்தான் போட வேண்டும்.  தொழில்நுட்பரீதியாக முடியாது என்றால், காரணத்தை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த ட்ரை டாக் (கப்பலைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் பழுது பார்ப்பது) வரை தள்ளலாம்.

இந்த அனுமதி செல்லுபடியாகும் எல்லை அமெரிக்கக் கரையிலிருந்து மூன்று கடல் மைல்தான். ஆனால் மூன்றாவது மைலில் நிறுத்தி ஸ்டெர்ன் ட்யூப் எண்ணெயை மாற்றிக்கொண்டு உள்ளே நுழைய யாராலும் ஆகாது. எண்ணெயை வடித்து, உள்ளே ஃப்ளஷ் செய்து, புதிதாக நிரப்புவது ட்ரை டாக் வேலை. பெரிய கப்பலுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் வேலை. ஆகவே ஹூஸ்டனுக்கோ நியூயார்க்கிற்கோ எப்போதாவது ஒருமுறை போக வாய்ப்புள்ள கப்பல்கூட, சென்னையில் நின்றாலும் சிங்கப்பூரில் நின்றாலும் அதே எண்ணெயோடுதான் நிற்க வேண்டும். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2017-ல் அமலுக்குக் கொண்டுவந்த துருவக் கோட்பாடு, துருவக் கடலில் போகும் கப்பல்கள் நச்சற்ற, மக்கும் எண்ணெயையோ தண்ணீர் சார்ந்த அமைப்பையோ பரிசீலிக்கலாம் என்று மென்மையாகச் சொல்லிவிட்டு நின்றுகொண்டது. உலகக் கப்பல்களின் எண்ணெயை உண்மையில் மாற்றியது அந்த மூன்று மைல் விதிதான்.

எது சூழல் ஏற்பு எண்ணெய்?

மூன்று சோதனை. மக்க வேண்டும்: எண்ணெயில் 90 சதவீதமாவது, 28 நாள் சோதனையில் 60 சதவீதத்துக்கு மேல் நுண்ணுயிர்களால் சிதைய வேண்டும். நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாக இருக்கக்கூடாது. மீன், சிப்பி உடம்பில் சேர்ந்துகொண்டே போகக்கூடாது. ஜெர்மனியின் ப்ளூ ஏஞ்சல், ஐரோப்பிய ஈகோலேபல் போன்ற முத்திரைகள் இருந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

செடியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இந்த மூன்றில் இல்லை. பெட்ரோலியத்திலிருந்து செய்த பாலிஅல்கைலீன் கிளைக்கால் என்ற செயற்கை எண்ணெயும் தேறலாம். மக்குவது ஒன்று, கார்பன் கணக்கு வேறொன்று. விற்பவர்கள் இரண்டையும் ஒரே பச்சை இலைப் படத்தின் கீழ் போட்டுக் காட்டுவார்கள். எஸ்டர் என்ற இன்னொரு வகை எண்ணெய்க்கு வேண்டிய கொழுப்பு அமிலம் பாமாயிலிலிருந்து வந்தால், அந்தத் தோட்டத்துக்காக எந்தக் காடு போனது என்று கேட்க இந்த அனுமதிக்குள் இடமில்லை.

தேர்வுக்கு வந்தவை முக்கியமாக மூன்று வகை. முதலில் தாவர எண்ணெய். உராய்வைக் குறைப்பதில் இது புதுமுகம் அல்ல. மாட்டு வண்டி அச்சுக்கு ஆமணக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து வண்டி மை போட்டவர்கள் நாம். ஆனால் வண்டி மையை வேண்டும்போது துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். ஸ்டெர்ன் ட்யூபில் போட்டது ஐந்து வருடம் கிடக்க வேண்டும். தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளில் ஆக்சிஜன் ஏறி, எண்ணெய் கெட்டியாகிப் பிசினாகும். அதனால் இது விரைவில் ஒதுங்கிவிட்டது.

இரண்டாவது பாலிஅல்கைலீன் கிளைக்கால். தண்ணீரில் கரையும், கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் வேலை செய்யும், கடலில் பளபளப்புப் படலம் விடாது. ஆனால் பெட்ரோலியத்திலிருந்து எடுத்த வழக்கமான மினரல் ஆயிலோடு சேராது, சில சீல் ரப்பர்களையும் பெயின்ட்டையும் கெடுக்கும். பழைய எண்ணெய் மிச்சமிருக்கும் குழாயில் இதை ஊற்றினால் தலைவலி நிச்சயம்.

மூன்றாவது செயற்கை எஸ்டர். பெரும்பாலான கப்பல்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இதுதான். விலை மினரல் ஆயிலைப்போல இரண்டு மூன்று மடங்கு. எஸ்டருக்குள்ளும் நிறைவுற்றது, நிறைவுறாதது என்று இரண்டு உண்டு. நிறைவுறாதது மலிவு, ஆனால் தாவர எண்ணெயின் வியாதி இதற்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். நிறைவுற்றது விலை கூட, நெடுநாள் தாங்கும். பர்ச்சேஸ் ஆபீஸில் உட்கார்ந்து இரண்டு கொட்டேஷனை ஒப்பிடுபவருக்கு இரண்டு டின்னும் ஒன்றாகத் தெரியும், இரண்டிலும் ஒரே முத்திரை இருக்கும்.

எஸ்டருக்குத் தண்ணீர் ஆகாது. அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து, தண்ணீரை வெளியேற்றி உருவாவது எஸ்டர். தண்ணீர் திரும்ப வந்தால் அது பழையபடி அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் பிரியும். வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக. பிரிந்த அமிலம் பேரிங் உலோகத்தையும் சீலையும் தின்னும். தண்ணீருக்கு நடுவில் இருக்கும் குழாய்க்குத் தண்ணீர் ஆகாத எண்ணெய்.

இதனால் இன்ஜின் அறையில் சாம்பிள் எடுக்கும் வேலையின் தன்மையே மாறியது. முன்பு இளம் இன்ஜினியர் ஒருவர் டார்ச்சோடு கீழே போவார். சாம்பிள் குழாயைத் திறந்து முதலில் வருவதைப் பக்கெட்டில் விட்டுவிட்டு, அடுத்து வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பாட்டிலை ஓர் இரவு அசையாமல் வைத்தால் அடியில் தண்ணீர் தனியாக நிற்கும். எவ்வளவு என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம், அதை வடித்தும் விடலாம். எஸ்டர் தனக்குள்ளேயே மினரல் ஆயிலைவிட அதிகத் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். பாட்டில் தெளிவாகத் தெரியும்போதே உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம். எண்ணெயில் எவ்வளவு அமிலம் என்று காட்டும் ஆசிட் நம்பர் ஏறுகிறதா என்று கரையிலுள்ள லேப் சொன்னால்தான் உண்டு. அறிக்கை வரும்போது கப்பல் இரண்டு துறைமுகம் தாண்டியிருக்கும்.

பேரிங்குகள் சூடான காலம்

கட்டாயம் வந்த சில ஆண்டுகளில், கப்பல்களின் கட்டுமானத்தைச் சோதித்துச் சான்று தரும் வகைப்பாட்டுச் சங்கங்களுக்கும் காப்பீட்டாளர்களுக்கும் ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கின. ஸ்டெர்ன் ட்யூபின் பின்முனை பேரிங் சூடேறுகிறது, ஒயிட் மெட்டல் உருகித் துடைத்துப் போகிறது. இது நடந்தால் கப்பல் நகராது. இழுவைப் படகு வைத்து இழுக்க வேண்டும், ட்ரை டாக் தேட வேண்டும், தண்டை உருவ வேண்டும். சரக்கு தாமதம் தனி. எண்ணெய் விலையில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே சம்பவத்தில் போய்விடும்.

புது எண்ணெய்தான் காரணம் என்று இன்ஜினியர்கள் சொன்னார்கள். எண்ணெய்க் கம்பெனிகள் மறுத்தன. மறுத்ததிலும் நியாயம் இருந்தது, ஏனென்றால் அதே ஆண்டுகளில் கப்பலின் வடிவமும் மாறிக்கொண்டிருந்தது. எரிபொருளை மிச்சப்படுத்த பெரிய, கனமான புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றும் வடிவமைப்பு பரவியது. தண்டு குட்டையானது, முன்முனை பேரிங்கே இல்லாமல் ஒற்றை பேரிங்கில் நிற்கும் கப்பல்களும் வந்தன. மெதுவாகச் சுற்றும் தண்டு எண்ணெயைக் குறைவாகத்தான் இழுக்கும், கனத்த புரொப்பெல்லர் பேரிங்கின் கடைசி விளிம்பில் அதிகமாக அழுத்தும். எண்ணெயும் வடிவமும் ஒரே சமயத்தில் மாறினால், உடைந்ததற்கு எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது?

இதைப் பிரித்துப் பார்க்கத்தான் டிஎன்வி ஜிஎல் (இன்றைய டிஎன்வி) என்ற வகைப்பாட்டுச் சங்கம், ஸ்வீடிஷ் கிளப், நார்வீஜியன் ஹல் கிளப், கார்ட், ஸ்குல்ட் ஆகிய காப்பீட்டாளர்களோடு சேர்ந்து, பிரிட்டனின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. பணம் போட்டவர்களைப் பாருங்கள்: இழப்பீடு கட்டியவர்கள். உண்மை தெரிய வேண்டும் என்ற அக்கறை அவர்களுக்குத்தான் அதிகம். இந்த விவகாரத்தில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

தண்டு சுற்றும்போது தனக்கும் பேரிங்குக்கும் நடுவில் எண்ணெயை இழுத்துச் செருகிக்கொள்கிறது. மைக்ரான் கணக்கிலான அந்தப் படலத்தின்மேல்தான் டன் கணக்கான எடை மிதக்கிறது. படலம் எவ்வளவு தடிக்கும் என்பது எண்ணெயின் பிசுக்கைப் பொறுத்தது. ஸ்டெர்ன் ட்யூபில் வழக்கமாகப் போடும் ஐஎஸ்ஓ விஜி 100 தரம் என்றால், 40 டிகிரியில் பிசுக்கு 100 சென்டிஸ்டோக். டின்னில் அந்த எண் ஒன்றாக இருந்தால் இரண்டு எண்ணெயும் சமம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் 40 டிகிரியில் மட்டும்தான் அவை சமம். வெப்பம் மாறும்போது எஸ்டரின் பிசுக்கு மினரல் ஆயிலைப்போல அவ்வளவு மாறாது. கார் இன்ஜினில் இது பெரிய நற்குணம், விளம்பரத்திலும் அப்படித்தான் வரும். ஆனால் 40-க்குக் கீழே வந்தால், அதே குளிரில் எஸ்டர் மினரல் ஆயிலைவிட நீர்த்திருக்கும். ஸ்டெர்ன் ட்யூபைச் சுற்றி இருப்பதோ கடல்நீர். குளிர்ந்த நீரில் மெதுவாகச் சுற்றிச் சோதிக்கும் நேரத்தில், மினரல் ஆயிலை நினைத்துப் போட்ட கணக்கைவிடக் குறைவான தாங்கும் சக்திதான் கிடைக்கும்.

இரண்டாவது, அழுத்தம். எண்ணெயை நசுக்கினால் அது கெட்டிப்படும். மினரல் ஆயில் நன்றாகவே கெட்டிப்படும், சூழல் ஏற்பு எண்ணெய்கள் அந்த அளவுக்கு இல்லை. நேராகச் சீராக ஓடும் கப்பலில் இந்த வித்தியாசம் தெரியாது. முழு வேகத்தில் சுக்கானை ஒரு பக்கமாகத் திருப்பினால், புரொப்பெல்லரில் மோதும் நீரின் திசை மாறி, தண்டு பேரிங்கின் ஓர் ஓரத்தில் போய் அழுந்தும். அந்தச் சில நிமிடங்களில், அந்த விளிம்பில், மினரல் ஆயில் கூடுதலாகக் கெட்டிப்பட்டு யாருக்கும் தெரியாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது. எந்த வரைபடத்திலும் எழுதாத உதவி அது. எண்ணெயை மாற்றியபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது.

ஆகவே எண்ணெய் மோசமானது என்று ஆய்வு தீர்ப்புச் சொல்லவில்லை. தண்டையும் பேரிங்கையும் நேர்படுத்தி நன்றாக அலைன்மென்ட் செய்த, இரண்டு பேரிங் உள்ள பழைய அமைப்பில் எஸ்டர் ஒழுங்காகவே ஓடுகிறது. விளிம்பில் நின்றுகொண்டிருந்த புது வடிவமைப்புகளுக்குத்தான் மிச்சமிருந்த பாதுகாப்பு இடைவெளியும் போனது. இதன் பிறகு, தண்டு அலைன்மென்ட் கணக்கில் எந்த எண்ணெய் என்பதையும் சேர்த்துப் பார்க்கும் விதிகள் வந்தன. 2013-க்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. மக்குகிறதா, நஞ்சா என்று கேட்ட அனுமதி, பேரிங் தாங்குமா என்று கேட்கவில்லை. அது சூழல் முகமையின் வேலையும் இல்லை. ஆனால் யாருடைய வேலை என்று எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

தண்ணீரே மசகாக

எண்ணெய் கசியக்கூடாது என்றால் எண்ணெயே வேண்டாம் என்று ஒரு வழி இருக்கிறது, இது புதிதும் அல்ல. நீராவிக் கப்பல் காலத்தில், 1854-ல், ஜான் பென் என்ற ஆங்கிலேய இன்ஜினியர் லிக்னம் வைட்டே மரத்துண்டுகளை அடுக்கிய பேரிங்குக்குக் காப்புரிமை எடுத்தார். கரீபியன் பக்கத்து மரம், கல் மாதிரி கனம், உள்ளே பிசின். கடல்நீர் அதன் இடுக்குகளில் ஓடும், அதுவே மசகு. நூறு வருடத்துக்கு மேல் கப்பல்கள் இப்படி ஓடின. (மரத்தை வெட்டித் தீர்த்ததில் இன்று அது அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது. சூழலுக்கு நல்லது என்று இன்று யாராவது அதையே திரும்பக் கேட்டால் வேடிக்கையாக இருக்கும்.)

இப்போது மரத்துக்குப் பதில் பாலிமர் பேரிங். கடற்படைக் கப்பல்கள் பல பத்தாண்டுகளாகத் தண்ணீரிலேயே ஓடுகின்றன, சொகுசுப் பயணக் கப்பல்களிலும் உண்டு. பம்ப் கடல்நீரை எடுத்து வடிகட்டி பேரிங் வழியாகத் தள்ளும், அது பின்பக்கம் கடலுக்கே போய்விடும். பின்முனை சீலே தேவையில்லை.

சிக்கலும் இருக்கிறது. தண்ணீரின் பிசுக்கு எண்ணெயின் பக்கத்தில் நிற்காது, அதனால் பேரிங்கை நீட்ட வேண்டும். வகைப்பாட்டுச் சங்கங்களின் பொது விதிப்படி, எண்ணெயில் ஓடும் ஒயிட் மெட்டல் பேரிங் தண்டின் விட்டத்தைப்போல இரண்டு மடங்கு நீளம் இருந்தால் போதும். தண்ணீரில் ஓடுவது நான்கு மடங்கு. 600 மில்லிமீட்டர் தண்டுக்கு 1.2 மீட்டர் இருந்த இடத்தில் 2.4 மீட்டர். சோதித்துக் காட்டினால் குறைத்துக்கொள்ளலாம் என்றாலும், ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பின்பக்கத்தில் இதை நுழைப்பது சுலபமல்ல. தண்டு துருப்பிடிக்காமல் இருக்க வெண்கல உறை வேண்டும். ஹூக்ளி மாதிரி வண்டல் கலங்கிய ஆற்றில் ஏறி இறங்கும் கப்பலுக்கு வடிகட்டி ஒழுங்காக இல்லையென்றால் பேரிங் உரசியே தேய்ந்துவிடும்.

என்னைக் கேட்டால், வரைபடத்தில் இருக்கும் கப்பலுக்குத் தண்ணீர்தான் முதலில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது. கட்டும்போதே இடம் விட்டுவிட்டால் நான்கு மடங்கு நீளம் பிரச்சினையே இல்லை, வாழ்நாள் முழுக்க எண்ணெய்ச் செலவும் லேப் அறிக்கையும் மிச்சம். ஓடும் கப்பலுக்கு நிறைவுற்ற எஸ்டர். ஆனால் டின் வாங்குவதற்கு முன் அலைன்மென்ட் கணக்கைப் புது எண்ணெயின் குணங்களோடு திரும்பப் போட வேண்டும், தேவைப்பட்டால் பிசுக்கில் ஒரு தரம் மேலே போக வேண்டும், சீல் செய்த கம்பெனியிடம் இந்த எண்ணெய்க்கு இந்த ரப்பர் சரி என்று எழுதி வாங்க வேண்டும். பழைய எண்ணெயை ஃப்ளஷ் செய்யாமல் மேலேயே ஊற்றுவது கண்துடைப்பு. மிச்சமிருக்கும் மினரல் ஆயில் சதவீதம் ஏறினால் மக்கும் என்ற சான்றிதழுக்கே பொருளில்லை.

2013 அனுமதியின் காலம் 2018 டிசம்பரில் முடிந்திருக்க வேண்டும். அதே மாதம் அமெரிக்காவில் கப்பல் கழிவுகளுக்கென்று வந்த தனிச் சட்டம், புது விதிகள் வரும்வரை பழைய அனுமதியே நீடிக்கட்டும் என்றது. ஈபிஏ தன் தரநிலைகளை 2024 அக்டோபரில் வெளியிட்டது. சூழல் ஏற்பு எண்ணெய்க் கட்டாயம் அதிலும் தொடர்கிறது. அமல்படுத்தும் விதிகளை எழுத அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்கு அப்போதிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது.

கப்பல்காரர்கள் அடிக்கடி மறந்துவிடும் ஒன்று இந்த மாற்றம் எதிலும் மாறவில்லை. சூழல் ஏற்பு எண்ணெய் போட்டிருக்கிறோம் என்பது கசியவிட அனுமதி இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் தாவர எண்ணெயும் எண்ணெய்தான். தண்ணீரின்மேல் பளபளப்புப் படலம் தெரிந்தால், டின்னில் எந்த முத்திரை இருந்தாலும், அது எண்ணெய்க் கசிவு. உடனே தெரிவித்தாக வேண்டும்.